விரிப்பின் வெள்ளை ஓரம்

எங்கள் பட்டறைக்காரர்கள் சங்கத்தின் ஆண்டு விழாவில், வேலையை விட்டவர்கள் ஆளுக்கு ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்றார்கள். எனக்கு மேடையில் பேச வராது. மேடை இல்லாத இடத்திலும் அவ்வளவாக வராது. விழா மலரில் எழுதித் தருகிறேன் என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டேன். ஐந்தாம் வகுப்பு வரைதான் பள்ளிக்கூடம் போனேன். ஆனால் தினமும் டீக்கடையில் தமிழ்ப் பேப்பரை வரி விடாமல் படிக்கிற பழக்கம் உண்டு. பிழை இருந்தால் அச்சடிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

போன மாதம் பம்பாய் செம்பூரில் நான் வேலை பார்த்த பட்டறைக்குப் போயிருந்தேன். இப்போது வரும் சில பெரிய கார்களுக்கு, கேமராவின் அளவு பார்க்கத் தரையில் விரிக்கிற விரிப்பே வேண்டாமாம். கேமராவை மாற்றிவிட்டு, கோடு போட்ட நேர்சாலையில் கொஞ்ச நேரம் ஓட்டினால் போதும், வண்டி தன் கேமராவின் அளவைத் தானே சரிசெய்துகொள்கிறது. நாங்கள் அரை நாள் முட்டி போட்டுத் தரையில் தவழ்ந்து செய்த வேலை அது. அது போனதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. முழங்கால் தேய்ந்துதான் ஐம்பத்தைந்து வயதில் வேலையை விட்டேன். விரிப்பு போகிற காலத்தில், அந்த விரிப்பை வைத்து நான் செய்த ஒரு தப்பை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

தொழிலுக்கு வந்த கதை சின்னது. பதினோரு வயதில் தாராவிக்கு வந்தேன். டைனமோ, செல்ஃப் மோட்டார், ஹாரன் என்று ஆட்டோ எலெக்ட்ரிக் கடையில் பத்துப் பன்னிரண்டு வருடம். பிறகு காரில் பாட்டுப் பெட்டி மாட்டினேன். பின்னால் எடுத்தால் பக்திப் பாட்டு ஒலிக்கும் கருவி வந்தது, அதையும் மாட்டினேன். பிறகு கார்களுக்குள் திரை வந்தது. அந்தச் சமயத்தில்தான் மொகுதூம் காக்காவின் பட்டறையில் சேர்ந்தேன்.

அவர் காயல்பட்டினத்துக்காரர். காக்கா என்றால் அவர்கள் ஊரில் அண்ணன். இந்து, கிறிஸ்தவர், மராட்டிக்காரர் எல்லோரும் அவரைக் காக்கா என்றே கூப்பிட்டோம். அவர் யாரையும் திட்டிப் பார்த்ததில்லை. குரலே உயராது. ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "எதை வச்சுச் சொல்லுதே?" வயர் அறுந்திருக்கிறது என்றால், எதை வச்சுச் சொல்லுதே? பேட்டரி சரி என்றால், எதை வச்சுச் சொல்லுதே? மீட்டரை வைத்துப் பார்த்தேன், கையால் இழுத்துப் பார்த்தேன் என்று ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். கேமரா வேலை என்றால் அவரே வந்து, கேமரா எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து, அது பார்க்கிற பக்கம் கொஞ்ச நேரம் பார்ப்பார். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவர் காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கோபமாக உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

இன்னொரு பழக்கம், வேலை அட்டை. ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் அட்டை. என்ன செய்தோம் என்று எழுதி, செய்தவன் பெயர் போட வேண்டும். "பேர் போட்டவன்தான் பதில் சொல்லணும்" என்பார். நான் தமிழில் எழுதுவேன். கணக்குப்பிள்ளை பெண் அதை வாங்கி ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கார்க்காரர்களுக்குக் கொடுக்கும்.

வந்த கேஸ்கள் எல்லாம் சிக்கலானவை அல்ல. முலுண்டிலிருந்து ஒரு வங்கி அதிகாரியின் குடும்பம் புதுக் காரோடு வந்தது. ரிவர்ஸ் கியர் போட்டால் திரை முழுவதும் சிவப்பாகத் தெரிகிறதாம். ஷோரூமில் கேமராவையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். காக்கா வழக்கம்போலப் பின்னால் போய்க் குந்தினார். திரும்பி அந்த அம்மாவைப் பார்த்தார்.

"கோயிலுக்குப் போயிட்டு வந்தீங்களாம்மா?"

"ஆமா, மாட்டுங்கால பூஜை போட்டோம். வண்டியோட எல்லாக் கண்ணுக்கும் பொட்டு வைக்கணும்னார் குருக்கள். எது எது கண்ணுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? நான்தான் நாலையும் தேடித் தேடிக் காட்டினேன்."

"பொட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா கண்ணுக்கு மேல வைக்கணும்மா. கண்ணுக்குள்ளயே வச்சா அது எப்படிப் பாக்கும்?"

கணவர் சிரித்த சிரிப்பில் அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நான் ஈரத்துணியால் நான்கு கேமராவையும் துடைத்தேன். வேலை முடிந்தது. அட்டையில் "குங்குமம் துடைத்தது" என்று எழுதிப் பெயர் போட்டேன். அதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று கணக்குப்பிள்ளை பெண் வெகுநேரம் யோசித்தது.

இனி விரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். உயர்ந்த ரகக் கார்களில் நான்கு கேமரா இருக்கும். முன் கிரில்லில் ஒன்று, பக்கக் கண்ணாடிகளுக்கு அடியில் ஒவ்வொன்று, பின்னால் டிக்கிக் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒன்று. ரிவர்ஸ் போட்டால் பின் கேமராவின் படம் திரையில் வரும். படத்தின் மேல் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கோடுகள் விழும். பின்னால் இருக்கும் பொருள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் பம்பருக்கும் அதற்கும் இன்னும் ஒரு சாண் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் கோடு வெறும் வரைந்த கோடு. கேமரா எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் இருக்கிறது என்று வண்டிக்குச் சரியாகத் தெரிந்தால்தான் கோடு சரியான இடத்தில் விழும். டிக்கிக் கதவை மாற்றினாலோ கேமராவைக் கழற்றி மாட்டினாலோ அதை மறுபடியும் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதைத்தான் நாங்கள் செட்டிங் என்போம்.

முதலில் நான்கு டயரிலும் காற்றுப் பார்க்க வேண்டும். டிக்கியில் இருக்கும் சாமானை இறக்க வேண்டும். ஒரு மூட்டை அரிசி கிடந்தால்கூட பின்பக்கம் அமுங்கிக் கேமராவின் உயரம் மாறிவிடும். தரை மட்டமாக இருக்கிறதா என்று தண்ணீர் நிரப்பிய குழாயால் பார்ப்போம், கொத்தனார்கள் பார்ப்பது போல. பிறகு முன் பம்பரிலிருந்தும் பின் பம்பரிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டு, தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்து, நூல் பிடித்துக் கோடு போடுவோம். அந்தக் கோட்டில் விரிப்பின் ஓரம் சரியாக உட்கார வேண்டும்.

விரிப்பு என்பது கனத்த ரெக்சின் போன்ற துணி. அதில் சதுரங்கப் பலகை போலக் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள். சுற்றி ஒன்றும் அச்சடிக்காத வெள்ளை ஓரம். காரைச் சுற்றி நான்கு விரிப்பு விரிப்போம். முன் விரிப்பும் பின் விரிப்பும் ஒரே அளவு. செருப்போடு யாரும் அதை மிதிக்கக் கூடாது. காக்காவும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவார். எல்லாம் ஆன பிறகு, ஒரு கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால் ஒவ்வொரு கேமராவும் கட்டங்களைத் தேடும். கட்டம் எவ்வளவு தூரத்தில் கிடக்கும் என்று கருவிக்கு முன்பே சொல்லி வைத்திருக்கிறார்கள். அதை நம்பித்தான் எல்லாக் கணக்கையும் போடும். முடிந்தால் பச்சை டிக் வரும். முடியாவிட்டால் சிவப்பில் பெருக்கல் குறி.

ஒரு மழைக்காலத்தில் பரணில் சுருட்டி வைத்திருந்த பின் விரிப்பை எலி கடித்துவிட்டது. காருக்குப் பக்கமாக வரும் வெள்ளை ஓரம் முழுக்கப் பல் பல்லாக இருந்தது. கட்டங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. காக்கா அப்போது மகள் கல்யாணத்துக்காக ஊரில் இருந்தார். நான் விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு தாராவியில் தோல் பை தைக்கும் ஒருவரிடம் போனேன். அவர் விரித்துப் பார்த்தார்.

"கிழிஞ்ச ஓரத்த உள்ள மடிச்சு ரெட்டைத் தையல் போட்டிரட்டா? நாலு விரல் போவும். வெறும் வெள்ளைதான?"

"ஆமா, வெறும் வெள்ளைதான். கட்டத்துல மட்டும் ஊசி படாம பாத்துக்கோங்க."

அழகாகத் தைத்துக் கொடுத்தார். ஓரம் கத்தி போல இருந்தது. சாக்பீஸ் கோட்டில் முன்பைவிடச் சுலபமாக உட்கார்ந்தது. காக்கா ஊரிலிருந்து வந்ததும் கையால் தடவிப் பார்த்து, "நல்ல தையல்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அதற்குப் பிறகு அந்த விரிப்பில் செட்டிங் செய்த வண்டிகளில் ஒன்று மாட்டுங்காவில் ஒரு துணி வியாபாரியுடையது. சிக்னலில் நின்றபோது பின்னால் ஒரு டெம்போ இடித்து டிக்கிக் கதவு போய்விட்டது. கதவும் கேமராவும் புதிதாகப் போட்டோம். வண்டியைக் கொண்டுவந்து கொண்டுபோனவர் அதன் டிரைவர் சேவியர் அண்ணாச்சி. தூத்துக்குடிப் பக்கம். மான்குர்தில் குடியிருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பம்பாயில் வண்டி ஓட்டியவர். வரும்போதெல்லாம் என்னைச் சீண்டுவார். "என்னடே சுடலை, இன்னைக்காவது நாலு வார்த்தை பேசுவியா, இல்ல கேமராவ மாதிரி பாத்துக்கிட்டே இருப்பியா?"

ஒரு மாதம் கழித்து அதே வண்டி திரும்பி வந்தது. பின் பம்பரில் ஒரு கீறலும் அதற்குப் பக்கத்தில் ஒரு குழியும். இந்த முறை அண்ணாச்சியோடு வியாபாரியும் வந்திருந்தார். அவர்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் வண்டி நிறுத்துகிற இடத்தில், பின்சுவரிலிருந்து முழங்கால் உயரத்தில் ஓர் இரும்புக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறது. அது உள்ளே உட்கார்ந்து பார்த்தால் தெரியாது, திரையில் மட்டும் தெரியும். இடம் குட்டையானது. வண்டியின் மூக்கு வெளியே நீட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். அதனால் அண்ணாச்சி தினமும் திரையைப் பார்த்துக்கொண்டே சிவப்புக் கோட்டையும் தாண்டி, குழாய்க்கு மூன்று விரல் விட்டு நிறுத்துவார். வண்டி வாங்கிய நாளிலிருந்து அப்படித்தான். சுவர் பக்கத்தில் இருப்பதால் வண்டியின் எச்சரிக்கை பீப் சத்தம் அங்கே எப்போதும் அலறும். பேரக்குழந்தை விழித்துக்கொள்கிறது என்று வியாபாரியே அதை அணைத்து வைக்கச் சொல்லியிருந்தார்.

இப்போது ஒரே மாதத்தில் இரண்டு முறை குழாயில் இடித்தாகிவிட்டது. கதவு போட்டுக் கொண்டுபோன அன்றைக்கே ஒரு முறை; பிறகு பயந்து தள்ளியே நிறுத்தி, பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போட்டதும் பழையபடி நிறுத்தியபோது இன்னொரு முறை.

"ஆங்க் கயா உஸ்கா" என்றார் வியாபாரி, அவன் கண் போய்விட்டது என்று. அண்ணாச்சி பக்கத்தில்தான் நின்றார். வியாபாரி கெட்டவர் அல்ல. ஒரு முறை கேமராவைப் பாருங்கள், கேமராவில் கோளாறு இருந்தால் சரி, இல்லையென்றால் வயதான டிரைவரை வைத்துக்கொண்டு பேரக்குழந்தையை அனுப்ப முடியாது என்று காக்காவிடம் சொன்னார். அதில் நியாயம் இருந்தது.

நான் எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். காற்று, மட்டம், தூக்குக்குண்டு, சாக்பீஸ் கோடு, விரிப்பு. கருவியைச் செருகினேன். பின் கேமராவுக்குப் பச்சை வந்தது.

காக்கா கேட்டார். "கேமரா சரியா?"

"சரிதான் காக்கா."

"எதை வச்சுச் சொல்லுதே?"

"பச்சை வந்துட்டு காக்கா."

அவர் தலையாட்டினார். நான் அட்டையில் "பின் கேமரா சரி" என்று எழுதிப் பெயர் போட்டேன். அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நல்லாப் பாத்தியாடே?"

"பாத்தேன் அண்ணாச்சி."

"ரெண்டு தடவையும் திரையில மூணு விரல் இருந்துச்சு. சத்தியமாச் சொல்லுதேன். இடிச்ச பொறவும் மூணு விரல் இருந்த மாதிரிதான் எனக்குத் தெரிஞ்சுது."

நான் கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். அவர் கண்ணை மூடித் திறந்து, தூரத்தில் இருந்த காலண்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப எனக்குத்தான் போயிட்டு போல" என்றார். அன்றைக்கே வேலை போய்விட்டது.

மூன்று வாரம் கழித்து மழை விட்ட ஒரு நாளில் நான்கு விரிப்பையும் சோப்புத் தண்ணீரில் கழுவினோம். முன் விரிப்பையும் பின் விரிப்பையும் ஒரே கம்பியில் பக்கம் பக்கமாகக் காயப் போட்டேன். கம்பிக்குக் கீழே இரண்டு ஓரமும் சமமாகத் தொங்கின. கட்டங்கள் சமமாக இல்லை. பின் விரிப்பின் முதல் கறுப்புக் கட்டம், முன் விரிப்பின் கட்டத்தைவிட நான்கு விரல் கீழே இறங்கி நின்றது.

பார்த்த உடனே புரிந்துவிட்டது. வெறும் வெள்ளை என்று நான் சொன்ன அந்த ஓரமும் அளவுதான். ஓரத்திலிருந்து முதல் கட்டம் வரைக்கும் இவ்வளவு தூரம் என்று கருவிக்குச் சொல்லி வைத்திருக்கிறது. நான்கு விரலை மடித்துத் தைத்ததால், ஓரத்தைக் கோட்டில் வைக்கும்போது கட்டங்கள் எல்லாம் நான்கு விரல் காருக்குப் பக்கமாக வந்துவிட்டன. கருவி அது தெரியாமல் கணக்குப் போட்டது. அந்த வண்டிகள் எல்லாம் பின்னால் நான்கு விரல் இடம் அதிகமாக இருப்பதாக நம்பிக்கொண்டு ஓடின. அண்ணாச்சி மூன்று விரல் விட்டு நிறுத்துகிறவர்.

யாருக்கும் தெரியாது, தையலைப் பிரித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. இதை எழுதும்போது அதை விட்டுவிட்டு எழுத முடியாது. இரண்டு நாள் அப்படித்தான் இருந்தேன். சொல்ல வேண்டும் என்று காக்காவின் அறை வாசல் வரை நான்கைந்து முறை போனேன். என்ன என்று கேட்டால், டீ வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் நாள் இரண்டு விரிப்பையும் அவர் அறைக்கு முன்னால் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக விரித்தேன். ஓரங்களைச் சேர்த்து வைத்தேன். எஃகு டேப்பை மேலே வைத்தேன். அவர் வெளியே வருகிற வரை அங்கேயே நின்றேன்.

அவர் வந்தார். செருப்பைக் கழற்றினார். குந்தினார். டேப்பை எடுத்து முதலில் ஒன்றை அளந்தார், பிறகு மற்றதை. எதை வச்சு என்று கேட்கவில்லை.

"எத்தனை வண்டி?"

"ஒம்பது காக்கா."

"மாட்டுங்கா வண்டியும் இதுலதானா?"

"ரெண்டு தடவையும் இதுலதான்."

டேப்பைச் சுருட்டினார். நான் தையல்காரரைக் கூப்பிட்டு வரட்டுமா என்று கேட்டேன்.

"அவர் என்ன செஞ்சாரு? நல்லாத்தான் தச்சிருக்காரு. நானும் தடவிப் பாத்துட்டு நல்ல தையல்னு சொன்னேன்லா." எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "பச்சைய வச்சுச் சொல்லுதேன்னு நீ சொன்னே. பச்சை எதை வச்சுச் சொல்லுதுன்னு நான் கேக்கல. வா, முதல்ல அந்த டிரைவரப் பாப்போம்."

மான்குர்தில் அண்ணாச்சியின் வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மச்சினனின் இட்லிக் கடைக்காம். கண்ணில் புதுக் கண்ணாடி. அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா சொன்னார்கள். கண் டாக்டரிடம் போனார்களாம். தூரப் பார்வையில் ஒரு குறையும் இல்லை, படிக்க மட்டும் கண்ணாடி போடுங்கள் என்றாராம் டாக்டர். இவர் நம்பவில்லை. எந்நேரமும் அதையே போட்டுக்கொண்டிருக்கிறார். அதைப் போட்டால் தூரத்தில் எல்லாம் மங்கலாகத் தெரிகிறது, அதைப் பார்த்து இன்னும் பயப்படுகிறார். இரண்டு பேர் டிரைவர் வேலைக்குக் கூப்பிட்டும் போகவில்லை. ரோட்டைக் கடக்கவே அக்காவின் கையைப் பிடிக்கிறார்.

காக்கா விஷயத்தைச் சொன்னார். நான் தலையைக் குனிந்து நின்றேன். அக்கா முறத்தைக் கீழே வைத்தார்கள்.

"நல்லா இருக்கே நியாயம்! கண்ணு போன மனுசன்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. இப்ப கேமராவுக்குத்தான் கண்ணு போச்சுன்னு வந்து நிக்கிய. இவரு ராத்திரி தூங்குதாரா என்னன்னு கேளுங்க."

"சும்மா இரு ஸ்டெல்லா" என்றார் அண்ணாச்சி. என்னைப் பார்த்தார். "நெசமாத்தான் சொல்லுதியாடே? என்னைச் சமாதானப்படுத்தச் சொல்லலியே?"

"நெசம்தான் அண்ணாச்சி."

"எனக்குப் பாக்கணும்" என்றார். "கண்ணால பாக்கணும்."

மறுநாள் காலை மூன்று பேரும் மாட்டுங்காவுக்குப் போனோம். வண்டி அதே இடத்தில் நின்றது. புது டிரைவர் இன்னும் அமையாததால் வியாபாரியே ஓட்டிக்கொண்டிருந்தார். பயத்தில் ஒரு முழம் விட்டு நிறுத்தி, பக்கத்து வீட்டுக்காரரிடம் தினமும் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தார். காக்கா அவரிடம் நிறைய விளக்கவில்லை. ஒரு காலி பிஸ்கட் அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்கினார். அதைக் குழாயின் முனைக்கு முன்னால், ஒரு செங்கல் அடுக்கின் மேல் வைத்தார். திரையைப் பார்த்து, பெட்டிக்கு மூன்று விரல் விட்டு நிறுத்துங்கள் சேட் என்று வண்டியில் ஏறச் சொன்னார்.

வியாபாரி மெதுவாகப் பின்னால் எடுத்தார். நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். பம்பர் வந்தது, பெட்டியைத் தொட்டது, அட்டை நொறுங்கி உள்ளே போனது. வண்டி அதற்கு மேல் ஒரு விரல் தள்ளித்தான் நின்றது. கண்ணாடியை இறக்கி, "சரியா நிறுத்தினேனா? இன்னும் இடம் தெரியுதே" என்று இந்தியில் கேட்டார். காக்கா பெட்டிப் பக்கம் கை காட்டினார். வியாபாரி இறங்கி வந்து பார்த்தார். பெட்டியை மாற்றி வைக்கச் சொல்லி இன்னொரு முறை எடுத்தார். மறுபடியும் நொறுங்கியது.

அப்போது அவர் கேட்டார். "அப்படின்னா சேவியரோட கண்?"

காக்கா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. நீதான பேர் போட்டே."

தொழிலுக்கு வந்து இத்தனை வருடத்தில் கார் முதலாளிகளிடம் நான் நேராகப் பேசியதில்லை. அது காக்காவின் வேலை. என் இந்தி தாராவி இந்தி. "சாப், உன்கா ஆங்க் டீக் ஹை. கல்தி மேரா ஹை" என்றேன். அவர் கண் சரி, தப்பு என்னுடையது. அவ்வளவுதான் வந்தது.

வியாபாரி அண்ணாச்சியைப் பார்த்தார். தோளில் கை வைத்து, திங்கட்கிழமை வந்துவிடு என்றார். அண்ணாச்சி தலையாட்டினார், ஆனால் சாவியை வாங்கவில்லை. வண்டியைச் செம்பூருக்குக் காக்காதான் ஓட்டி வந்தார். அண்ணாச்சி பின் சீட்டில் உட்கார்ந்து வந்தார்.

தையலை நான்தான் பிளேடால் பிரித்தேன். ரெட்டைத் தையல், சீக்கிரம் பிரியவில்லை. மடித்த இடத்தை நீவி, எலி கடித்த ஓரத்தில் டேப்பால் அளந்து புதுக் கோடு வரைந்தோம். செட்டிங் செய்தோம். பச்சை வந்தது. இந்த முறை பச்சையோடு நிறுத்தவில்லை. பம்பருக்குப் பின்னால் பெட்டியை வைத்து, திரையில் தெரிவதையும் டேப்பில் வருவதையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். பிறகு மற்ற எட்டு வண்டிக்கும் காக்கா ஒவ்வொன்றாகப் போன் செய்தார். ஆறு வண்டி வந்தது. ஒருவர் வண்டியைப் புனேயில் விற்றுவிட்டிருந்தார், அந்த ஆளின் எண்ணை வாங்கி அவரிடமும் சொன்னார். ஒருவர் எங்கள் வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது, வீணாகக் கூப்பிடாதீர்கள் என்று வைத்துவிட்டார். இதற்குப் பிறகு எங்களிடம் வராமல் போனவர்களும் உண்டு.

அன்று மதியம், செட்டிங் முடிந்ததும் அண்ணாச்சி என்னிடம் வந்தார்.

"அன்னைக்கு ஒரு அட்டையில எழுதினியே, அது இருக்கா?"

எடுத்து வந்தேன். "பின் கேமரா சரி" என்று என் கையெழுத்தில் இருந்தது.

"இதுக்குக் கீழ எழுது."

"சேட்டுக்குக் குடுக்கவா அண்ணாச்சி? அந்தப் பொண்ணு இங்கிலீஷ்ல அடிச்சித் தரும்."

"சேட்டுக்கு என்னத்துக்கு? அவருதான் கண்ணால பாத்துட்டாரே. எனக்கு வேணும். தமிழ்லயே எழுது."

நான் எழுதினேன். "மேலே எழுதியது தப்பு. பின் கேமரா நான்கு விரல் தப்பாகக் காட்டியது. சேவியர் அண்ணாச்சி கண்ணில் தப்பு இல்லை." பெயர் போட்டேன்.

அவர் அட்டையைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்துப் படித்தார். எழுத்து தெரியவில்லை. நெற்றிக்கு ஏற்றியிருந்த கண்ணாடியை இறக்கிப் படித்தார். இரண்டு முறை படித்தார் என்று நினைக்கிறேன். நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டு, "கிட்டப் பாக்கத்தான்டே இது. டாக்டரே சொல்லிட்டாரு" என்றார். கண்ணாடியைக் கழற்றி மடித்து, அட்டையோடு சேர்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கையை நீட்டினார். காக்கா சாவியைக் கொடுத்தார்.

எங்கள் பட்டறையிலிருந்து வண்டியை ரோட்டுக்குப் பின்பக்கமாகத்தான் எடுக்க வேண்டும். பின்னால் குறுகலான தெரு. ஆட்டோ, தள்ளுவண்டி, பள்ளிக்கூடம் விட்டு வருகிறவர்கள் என்று எந்நேரமும் ஆள் போக்குவரத்து. அண்ணாச்சி உட்கார்ந்து ரிவர்ஸ் போட்டார். திரை ஒளிர்ந்தது. கோடுகள் மூன்றும் சரியான இடத்தில் வந்து விழுந்தன. அவர் அதைப் பார்க்கவில்லை. இடது கையைப் பக்கத்து சீட்டின் முதுகில் போட்டு, கழுத்தை முழுவதுமாகத் திருப்பி, பின்கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டே வண்டியை வெளியே எடுத்தார்.